ஜெர்மனிக்குப் படிக்க வந்த முதல் ஆறு வாரம்: ஜூனியர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

நான் 2023 அக்டோபரில், குளிர்கால செமஸ்டருக்கு, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வந்தவள். அப்போதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட், செப்டம்பரிலும் புதிதாக வரப்போகிற தம்பி தங்கைகளிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. ராத்திரி பதினொரு மணிக்கு வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் இருப்பது கிழக்கே ஒரு நடுத்தர ஊர். மியூனிக் போகிறவர்கள் நான் சொல்கிற செலவை அப்படியே நம்பி வராதீர்கள், அங்கே கணக்கே வேறு.

அக்கா, வந்து இறங்கியதும் முதலில் எதைச் செய்ய வேண்டும்? எல்லாமே அவசரம் என்கிறார்கள்.

எல்லாம் அவசரம்தான், ஆனால் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும். முதலில் தங்க ஒரு வீடு. அந்த வீட்டுக்காரரிடம் "இவர் இங்கே குடிவந்திருக்கிறார்" என்று கையெழுத்திட்ட ஒரு தாள் வாங்க வேண்டும். அதற்கு வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங் என்று பெயர், ஒரே வார்த்தைதான், பயப்படாதீர்கள். அதையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பூர்கர்ஆம்ட் என்ற குடிமக்கள் அலுவலகத்தில் போய் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் எல்லோரும் சொல்லும் அன்மெல்டுங். குடிவந்து இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அக்டோபரில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது திருப்பதி தரிசன டிக்கெட் மாதிரிதான். தேதி தள்ளிக் கிடைத்தால் பதறாமல், புக் செய்த மெயிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 19ஆம் நாள்தான் கிடைத்தது, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பதிவுச் சான்று கைக்கு வந்தபிறகுதான் மற்றவை அசையும். வரி எண் தபாலில் வரும், விசாவுக்காக முன்பே பணம் கட்டிவைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதப் பணம் இறங்கும், ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். விசா முடிகிற தேதியை இன்றே காலண்டரில் குறித்து, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பதில் வர நாளாகும். விசா உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டீர்கள் என்பதுதான் அங்கே முக்கியம்.

தற்காலிகமாக ஹாஸ்டலிலோ ஏர்பிஎன்பியிலோ தங்கிக்கொண்டு பதிவு செய்ய முடியாதா?

பெரும்பாலும் முடியாது, அந்தத் தாளைத் தர மாட்டார்கள். "பதிவு மட்டும் என் முகவரியில் செய்துகொள், 200 யூரோ கொடு" என்று டெலிகிராமில் சிலர் வருவார்கள். போகாதீர்கள். குடியிருக்காத இடத்தில் பதிவு செய்ய முகவரி தருவது இங்கே குற்றம், 50,000 யூரோ வரை அபராதம் போட இடம் இருக்கிறது. இன்னொரு கூட்டம், "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், டெபாசிட் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று சொல்லும். அந்தச் சாவி எந்தக் காலத்திலும் வராது. நேரிலோ வீடியோவிலோ அறையைப் பார்க்காமல் ஒரு சென்ட் அனுப்பக் கூடாது. யாராவது பழைய மாணவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னாலும் சரி.

அட்மிஷன் லெட்டர் வந்த அன்றே, விசாவுக்குக் காத்திருக்காமல், உங்கள் ஊர் ஷ்டூடிரெண்டன்வெர்க்கின் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அதுதான் மாணவர் விடுதிகளையும் உணவகத்தையும் நடத்துகிற அமைப்பு. நிறைய இடங்களில் விண்ணப்பம் வந்த வரிசையில்தான் அறை.

கையில் எவ்வளவு பணம் கொண்டு வர வேண்டும்? பிளாக்டு அக்கவுண்டில்தான் 11,904 யூரோ கட்டிவிட்டோமே?

கட்டியதை உடனே தொட முடியாது, அதனால்தான் அதற்குப் பெயரே பிளாக்டு. 2024 செப்டம்பரிலிருந்து கட்ட வேண்டியது அந்தத் தொகைதான், அது மாதம் 992 யூரோவாகத்தான் இறங்கும். இறங்குவதற்கு இங்கே உங்கள் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு வேண்டும், பல நேரம் பதிவுச் சான்றும் கேட்பார்கள். ஆக முதல் நான்கைந்து வாரம் ஊரிலிருந்து கொண்டுவந்த காசில்தான் ஓட்டம். அதற்குள் முதல் மாத வாடகை, டெபாசிட் (வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கலாம்), செமஸ்டர் கட்டணம், தலையணை, போர்வை, ஒரு வாணலி எல்லாம் வந்து நிற்கும். என் கணக்கில் டெபாசிட் போக 1,000 யூரோவாவது வேண்டும். அதில் 300 நோட்டாக, மீதி ஃபாரெக்ஸ் கார்டில். முந்நூறில் ஐம்பது யூரோவுக்குச் சின்ன நோட்டும் சில்லறையும் இருக்கட்டும், கார்டு வாங்காத பேக்கரி இன்னும் இங்கே உண்டு.

மருத்துவக் காப்பீடு தனி, அது மாதம் 140 யூரோவுக்கு மேல். மாணவர்களுக்கான அந்தச் சலுகைக் கட்டணம் 30 வயது வரைதான். வேலை பார்த்துவிட்டுப் படிக்க வருகிற அண்ணன்மார் இதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு சர்நேம் கிடையாது, இனிஷியல்தான். ஃபார்மில் என்ன எழுதுவது?

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வருகிற தலைவலி இது, இதற்குத்தான் நான் நீட்டிப் பதில் சொல்லப்போகிறேன்.

ஜெர்மன்காரர்களுக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் உண்டு, இரண்டும் நிரம்பியிருக்க வேண்டும். நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்து ஒரு புள்ளியோடு முன்னால் நிற்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அதை விரித்து எழுதியிருப்பார்கள். சிலருக்கு அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு இரண்டு பெயரும் கிவன் நேமில் இருந்து சர்நேம் காலியாக இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்து, அதே வரிசை, எல்லா இடத்திலும். பல்கலைக்கழகத்தில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, காப்பீட்டில் இனிஷியலோடு ஒரு மாதிரி என்று விட்டால் மூன்று தனித்தனி ஆட்களாகிவிடுவீர்கள். சர்நேம் காலியாக இருப்பவர்கள், இன்னும் நேரம் இருந்தால், ஊரிலேயே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொண்டு விசாவுக்குப் போவது நல்லது.

இங்கே வந்தபிறகு உங்களை யாரும் உங்கள் பெயரால் கூப்பிட மாட்டார்கள். என் அப்பா பெயர் முருகேசன். முதல் வாரம் புரொபசர் மெயிலில் "ஃப்ராவ் முருகேசன்" (ஃப்ராவ் என்றால் திருமதி மாதிரி) என்று எழுதியதைப் பார்த்து ஒரு நொடி அப்பாவுக்கு வந்த மெயிலோ என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "பரவாயில்லையே, நான் ஜெர்மனிக்கு வந்துட்டேன்" என்று சிரித்தார்.

இதில் சிரிப்பு வராத பகுதி தபால்பெட்டி. இங்கே ஃப்ளாட் எண் எழுதி லெட்டர் அனுப்பும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. தெரு, வீட்டு எண், உங்கள் பெயர், அவ்வளவுதான். தபால்காரர் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் அந்தப் பெயரைத் தேடுவார், இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். நான் முதல் அறையில், மேலே ஒரு ஜெர்மன் பெயர் ஒட்டியிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "நம்ம ரூம்மேட் பெட்டிதானே, நமக்கும் இதிலேயே வந்துவிடும்" என்று இருந்துவிட்டேன். வங்கி கார்டு வந்தது, திரும்பிப் போனது. அதன் ரகசிய எண் தனிக் கடிதத்தில் வந்தது, அதுவும் போனது. வரி எண்ணும் போனது. ஐந்தாவது வாரம் வங்கிக்கு போன் செய்தபோதுதான், "முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பிவிட்டது" என்றார்கள். அதுவரை ஃபாரெக்ஸ் கார்டில் இருந்த கடைசி நாற்பது யூரோவை எண்ணி எண்ணி பாஸ்தா தின்றுகொண்டிருந்தேன். தப்பு யார்மீதும் இல்லை, என்மீதுதான். அன்றைக்கு ஒரு துண்டுத்தாளில் "முருகேசன்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, டேப் இல்லாமல் அடிபட்ட விரலுக்குப் போடுகிற பிளாஸ்டரால் ஒட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் ஒழுங்காக வந்தது.

சொந்த வீடு இல்லை, உள்வாடகை என்றால் கடிதத்தில் உங்கள் பெயருக்குக் கீழே "பை" (bei, இன்னார் வீட்டில் என்று அர்த்தம்) என்று போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதச் சொல்லலாம். அப்படியும் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள்.

எந்த நாளில் வந்து இறங்கினால் நல்லது? ராகுகாலம் கேட்கவில்லை அக்கா.

ராகுகாலத்தைவிட மோசமானது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு கடைகள் எல்லாம் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற சில கடைகள் தவிர. அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், நாடு முழுக்க விடுமுறை. நம் பிள்ளைகள் பாதிப் பேர் சரியாக அந்த வாரத்தில்தான் வந்து இறங்குவார்கள். 2026இல் அது சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து சேர்ந்தால் திங்கள் காலை வரை பையில் இருக்கிற முறுக்குதான். செவ்வாய், புதன் பகலில் வந்து சேருங்கள், சாவி கொடுக்கிற ஆளும் அப்போதுதான் அலுவலகத்தில் இருப்பார்.

பெட்டியில் என்ன வைப்பது, என்ன வைக்கக் கூடாது?

வைக்கக் கூடாததை முதலில் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவர அனுமதி இல்லை. நெய், பால்கோவா, கருவாட்டுக் குழம்புக்குப் பதில் அம்மா வைக்கிற கோழித் தொக்கு, எல்லாம் இதில் சேரும். (கருவாடு மீன், அதற்கு விதி வேறு, ஆனால் அந்த வாசனையோடு பத்து மணி நேர விமானம் யோசித்துப் பாருங்கள்.) கருவேப்பிலையும் 2019 டிசம்பரிலிருந்து தாவரச் சான்று இல்லாமல் வரக் கூடாது. ஶ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ கொண்டுவந்து சுங்கத்தில் கொடுத்துவிட்டு வந்தவள் நான், குப்பைத் தொட்டியில் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மசாலாப் பொடி, பருப்புப் பொடி, புளி, பெருங்காயம், ஊறுகாய் தாராளமாக. குக்கர் வேண்டும்தான், ஆனால் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது, அடிப்பகுதி காந்தத்தில் ஒட்டுகிற ஸ்டீல் குக்கர் எடுங்கள். மின்சாரம் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. மிக்ஸி கொண்டுவந்தால் அடாப்டர் கனமானதாக இருக்கட்டும். குளிர் ஜாக்கெட் சென்னையில் வாங்க வேண்டாம், அது ஊட்டிக்குத்தான் தாங்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?

பகலில் மென்சா, பல்கலைக்கழக உணவகம். மாணவர் அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு மூன்று நான்கு யூரோவில் வயிறு நிறையலாம், சைவமும் உண்டு, உப்புதான் இருக்காது. தயிருக்குக் கவலையே வேண்டாம், நாட்டூர்யோகுர்ட் என்று அரைக்கிலோ டப்பா எல்லாக் கடையிலும் இருக்கும், 3.5 சதவீதக் கொழுப்பு என்று போட்டதை எடுங்கள். தயிர்சாதத்துக்கு அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

இட்லி அரிசி, பொன்னி, முருங்கைக்காய் எல்லாம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். மேற்கே, எஸ்ஸன், டோர்ட்முண்ட் பக்கம் நிறைய, எங்கள் பக்கம் குறைவு. முதல் தடவை அப்படியொரு கடைக்குப் போனபோது கல்லாவில் இருந்த அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை இந்தியாவோ? எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டார். இரண்டு வாரமாக வெளியில் ஒரு தமிழ் வார்த்தை கேட்காமல் இருந்தவளுக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு பாக்கெட் சிவப்பரிசி மாவை வாங்கிக்கொண்டு தேவையில்லாமல் கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். அவர்கள் கறித்தூள் நம் குழம்பு மிளகாய்த்தூள் இல்லை, அளவு குறைத்துப் போடுங்கள். ஹாம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோவில் இருக்கிறது, கோபுரத்தோடு, 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. கோடையில் தேர்த் திருவிழாவுக்கு நாலா பக்கத்திலிருந்தும் கூட்டம் வரும்.

தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அறைக்கூரையில் இருக்கிற புகை அலாரம் வெங்காயத்துக்கும் கடுகுக்கும் கத்தும். ராத்திரி பத்து மணிக்குமேல் மிக்ஸி போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அமைதி நாள், அன்றைக்கும் சத்தம் ஆகாது. நான் தேங்காய்ச் சட்னி அரைத்த மறுநாள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அழகான கையெழுத்து, கீழே "அன்பான வணக்கங்களுடன்" வேறு.

பாட்டில் விஷயம் என்ன? எல்லோரும் காலி பாட்டிலைச் சேர்த்து வைக்கிறார்களே?

ஃபாண்ட். தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே அதற்கு 25 சென்ட் சேர்த்து வாங்கிவிடுவார்கள், காலியைக் கடை வாசலில் இருக்கிற இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், கல்லாவில் கொடுத்தால் காசு. முக்கியம்: பாட்டிலை நசுக்காதீர்கள். நம் ஊரில் பொறுப்பாக நசுக்கிப் போட்டுப் பழகியிருப்போம், இங்கே இயந்திரம் பார்கோடைப் படிக்க முடியாமல் துப்பிவிடும். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், உண்மையில் பாட்டில் வாங்கவே தேவையில்லை.

பஸ், ரயிலுக்கு?

பெரும்பாலான ஊர்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே டிக்கெட் சேர்ந்திருக்கும். 2023 மேயில் 49 யூரோவுக்குத் தொடங்கிய டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாத டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. மாணவர்களுக்கான வடிவம் அதில் 60 சதவீத விலை. நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், சாதா ரயிலில் போகலாம், ஐசிஇ போன்ற வேக ரயில்களில் செல்லாது. மாணவர் அட்டை கைக்கு வரும்வரை தனி டிக்கெட் எடுங்கள், எடுத்ததை வண்டியிலோ பிளாட்ஃபாரத்திலோ இருக்கிற பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டியிருக்கலாம். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாமல் 60 யூரோ அபராதம் கட்டினவர்கள் என் பேட்சில் மட்டும் மூன்று பேர்.

வந்த வாரமே பார்ட்டைம் வேலை கிடைக்குமா? கடன் வாங்கி வந்திருக்கிறேன் அக்கா.

பொய் சொல்ல மாட்டேன் தம்பி, கிடைக்காது. வரி எண் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், கொஞ்சமாவது ஜெர்மன் வேண்டும். கிடங்கு வேலையும் உணவக வேலையும் இரண்டாவது மூன்றாவது மாதம் அமையலாம். குறைந்தபட்சக் கூலி 2026இல் மணிக்கு 13.90 யூரோ, அதற்குக் கீழே "கையில் தருகிறேன்" என்று சொல்பவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் வேண்டாம். வருடத்துக்கு 140 முழுநாள், அல்லது 280 அரைநாள் வேலை செய்ய அனுமதி உண்டு, 2024 மார்ச்சுக்கு முன் இது 120, 240 ஆக இருந்தது. சுயதொழில் கணக்கில் டெலிவரி ஓட்டச் சொல்வார்கள், மாணவர் அனுமதியில் அது தானாக வராது. ஆறு மாதச் செலவுக்குக் கையில் வழி இல்லாமல் ஏஜென்ட் பேச்சை நம்பி ஏறாதீர்கள் என்று இதைப் படிக்கிற இன்னும் கிளம்பாதவர்களுக்குச் சொல்கிறேன்.

வகுப்பு எப்படி இருக்கும்?

முதலில் சந்தோஷமாக இருக்கும், அதுதான் ஆபத்து. நிறைய வகுப்பில் அட்டெண்டன்ஸ் இல்லை, இன்டர்னல் இல்லை, அசைன்மென்ட் கேட்டு யாரும் துரத்துவதில்லை. பிப்ரவரியில் ஒரே ஒரு தேர்வு, மொத்த மதிப்பெண்ணும் அதில். அந்தத் தேர்வுக்கு நீங்களே ஆன்லைனில் பெயர் கொடுக்க வேண்டும், கடைசித் தேதி டிசம்பரிலேயே வந்துவிடலாம். பெயர் கொடுக்காமல் போய் உட்கார்ந்தால் எழுத விட மாட்டார்கள். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று முயற்சிதான், மூன்றிலும் போனால் அந்தப் படிப்பே போகும். நம் ஊர் அரியர் மாதிரி எட்டாவது செமஸ்டரில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு கிடையாது.

மதிப்பெண் தலைகீழ். 1.0 முதலிடம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். "1.7 வாங்கியிருக்கேன்பா" என்று சொன்னால் வீட்டில் அமைதியாகிவிடுவார்கள், முன்பே விளக்கிவையுங்கள். டைம்டேபிளில் நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று இருந்தால் கால் மணி கழித்துத்தான் தொடங்கும். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள், சண்டை இல்லை, அதுதான் கைத்தட்டல்.

அழுகையாக வருகிறது. திரும்பிப் போய்விடலாமா என்று இருக்கிறது.

மூன்றாவது நான்காவது வாரம்தானே? எனக்கும் அப்போதுதான் வந்தது. வேலைகள் ஓடுகிறவரை தெரியாது, எல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் அறையில் சும்மா உட்காரும்போது வரும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அதற்குப்பிறகு ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு, டிசம்பரில் நாலுக்கே. பகலில் வெளிச்சம் இருக்கும்போது ஒரு மணி நேரம் வெளியில் நடங்கள், அறைக்குள் வெப்பத்தில் கிடந்து ரீல்ஸ் பார்த்தால் இன்னும் மோசமாகும். ஒரு ஆளையாவது வாரம் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்கள், சாம்பார் கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை.

அதையும் தாண்டித் தூக்கம் போகிறது, எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்றால் ஷ்டூடிரெண்டன்வெர்க்கில் மனநல ஆலோசகர் இருப்பார், பெரும்பாலும் இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். நான் இரண்டு தடவை போனேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். இரவில் டாக்டர் வேண்டுமென்றால் 116117, உயிர்போகும் அவசரம் என்றால் 112.

(ஒரு அம்மா கேட்டது) என் மகன் போன மாதம் வந்தான். கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்மா" என்கிறான். அவனுக்கு நெய்யும் ஸ்வெட்டரும் பார்சல் அனுப்பலாமா?

அம்மா, பையன் நன்றாகத்தான் இருப்பான். நீங்கள் ராத்திரி சாப்பாடு முடித்து எட்டு மணிக்குக் கூப்பிடும்போது அவனுக்கு மாலை நாலரை, லேபிலோ வரிசையிலோ நின்றுகொண்டிருப்பான். 2026இல் அக்டோபர் 25க்குப் பிறகு இடைவெளி நாலரை மணி நேரமாகிவிடும், ராத்திரி பத்தரைக்கு நீங்கள் கூப்பிட்டால் அவனுக்கு ஆறு மணி, அறைக்கு வந்திருப்பான். முழித்திருக்க முடியாது என்றால் ஞாயிறு மத்தியானம் கூப்பிடுங்கள். அன்றைக்கு இங்கே போக ஒரு இடமும் இல்லை, கட்டாயம் எடுப்பான்.

நெய் அனுப்பாதீர்கள், தபாலிலும் அதே தடைதான். ஸ்வெட்டர் அனுப்பலாம், கூடவே நார்த்தங்காய் ஊறுகாய், எள்ளுப்பொடி, அப்பளம். பார்சல் மதிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால், அன்பளிப்பு என்று எழுதினால், சுங்கவரி கிடையாது. உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதுங்கள், வெறும் "உணவு" என்று எழுதினால் அவன் சுங்க அலுவலகத்துக்கு நடக்க வேண்டிவரும். அப்புறம் முகவரியில் நீங்கள் வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதிவிடாதீர்கள். கீழே அவன் தபால்பெட்டியில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். ஒட்டவே இல்லை என்று தெரிந்தால், முதலில் அதற்குத் திட்டுங்கள்.